பழைய சின்ன இன்ஜின்: நாமே பிரித்துக் கட்டுவதா, பட்டறைக்குக் கொடுப்பதா?

மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 1950களில் வந்த ஒரு பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் இருக்கிறது. வார்ப்பிரும்புச் சிலிண்டர், ஒற்றை பிஸ்டன், நாலு ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஓடி காற்றில் குளிர்வது. பல வருடம் ஓடாமல் கிடந்திருக்கிறது. கயிறு இழுத்தால் சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம்) குறைவாகத் தெரிகிறது. இரண்டொரு தடவை பிடித்து, நீலப் புகை தள்ளி நின்றுவிட்டது. ஒரு பட்டறையில் "இதற்குச் செலவு செய்வது வீண்" என்றார்கள். இன்னொன்றில் "விட்டுவிட்டுப் போங்கள், முழுசாகச் செய்து தருகிறோம்" என்றார்கள். இதுவரை ஒரு இன்ஜினையும் உள்வரை பிரித்ததில்லை, நானே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கேள்விக்கு அடியில் ஒரு பயமும் தெரிகிறது: கை வைத்து, மறுபடி கிடைக்காத பொருளைக் கெடுத்துவிடுவேனோ என்று. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் இன்ஜின் பட்டறையில் தொழில் கற்றவன். பல வருடங்களாக இந்த வகைப் பழைய சின்ன இன்ஜின்களைத்தான் அதிகம் பார்த்துவருகிறேன்.

நானா, பட்டறையா என்று இரண்டில் ஒன்றாகக் கேட்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது, என்பதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பிரித்து, அளந்து, எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. தேய்ந்த உலோகத்தைக் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவருவது இரண்டாவது. சுத்தம் செய்து திரும்பக் கட்டி ஓடவைப்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் பொறுமை கேட்பவை. அவற்றை நீங்கள் செய்யலாம், நன்றாகவே செய்யலாம். நடுவிலுள்ளதற்கு எந்திரம் வேண்டும், அதை ஓட்டிப் பழகிய கை வேண்டும். அது வெளியே போகட்டும். பட்டறைகளிலும் இரண்டு வகை உண்டு. ரிப்பேர் கடை பெரும்பாலும் பாகம் மாற்றும் இடம். லேத்தும், சிலிண்டரைக் கடையும் போரிங் எந்திரமும், கிராங்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) தேய்த்துச் சரிசெய்யும் கிராங்க் கிரைண்டரும் வைத்திருக்கும் பட்டறை வேறு. உங்களுக்குத் தேவைப்படப்போவது பெரும்பாலும் இரண்டாவது வகை, அதுவும் தேவைப்பட்டால்தான்.

"தேவைப்பட்டால்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓவர்ஹால் வேண்டும் என்று என் மேசைக்கு வரும் இன்ஜின்களில் கணிசமானவற்றுக்கு அது வேண்டியிருப்பதில்லை. வருடக்கணக்காகக் கிடந்த இன்ஜினில் வால்வ் கைடில் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் துளை) பிசின் ஏறி, வால்வ் முழுதாக உட்காராமல் நிற்கும். பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரிங்குகள் பிஸ்டன் பள்ளத்தில் கரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே கம்ப்ரஷனைக் குறைக்கும். ரிங் ஒட்டியிருந்தால் ஆயில் மேலேறி நீலப் புகையும் வரும். இவை அழுக்கின் வேலை. சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்பதற்கு இவை சாட்சி ஆகாது.

அதனால் பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றித் தள்ளிவைத்து, பிளக்கை அதன் இடத்திலேயே விட்டு, ஃப்ளைவீலை (கிராங்கின் முனையிலுள்ள கனமான சக்கரம்) ஓடும் திசைக்கு எதிராக வேகமாகச் சுண்டிச் சுழற்றுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் ஃப்ளைவீல் எதிர்த்துத் துள்ளித் திரும்பும். மெதுவாகக் குழைந்து நின்றால் எங்கோ கசிகிறது. எதிர்த்திசையில் சுழற்றச் சொல்வது ஏனென்றால், சில மாடல்களில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகக் வால்வுகளைத் திறக்கும் கேமே கொஞ்சம் கம்ப்ரஷனை விட்டுவிடும். முன்திசையில் சுழற்றினால் நல்ல இன்ஜினும் பலவீனமாகத் தெரியும். கயிறு இழுத்துக் கம்ப்ரஷன் கேஜில் பார்க்கும் எண்ணை இந்த இன்ஜின்களில் நான் நம்புவதில்லை. கை இழுக்கும் வேகத்துக்கு ஏற்ப அது மாறும். அடுத்து, பிளக் ஓட்டை வழியாக ஒரு சின்னக் கரண்டி ஆயிலை விட்டு மறுபடி சுண்டிப் பாருங்கள். துள்ளல் கூடினால் கசிவு ரிங், சிலிண்டர் பக்கம். கூடவில்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) பக்கம். இது முழுத் தீர்ப்பு அல்ல, இரண்டும் சேர்ந்தும் கசியலாம். ஆனாலும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

பிடித்து நின்றுபோனதற்கு இக்னிஷனும் காரணமாக இருக்கலாம். இந்த வயது இன்ஜினில் பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும். சும்மா கிடந்தாலே அதன் முகத்தில் ஆக்சைடு படியும், மெல்லிய தாளால் துடைத்தால் போதும். இடைவெளி பழைய பிரிக்ஸ் இன்ஜின்களில் 0.020 அங்குலம், அதாவது 0.5 மில்லிமீட்டர். பாயிண்டோடு சேர்ந்த கண்டன்சரைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிடப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. ஃப்ளைவீலைக் கழற்றும்போது அதைக் கிராங்கோடு பூட்டும் சின்னக் கீயைக் கவனமாகப் பாருங்கள். அது வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்தது. அரை மில்லிமீட்டர் நசுங்கியிருந்தாலும் டைமிங் தள்ளிப்போய், கயிறு கையைப் பிடுங்கும் அல்லது இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது. அதற்குப் பதில் இரும்புக் கீ போடாதீர்கள். சுழலும் பகுதி எதிலாவது மோதி நின்றால் அந்தக் கீ அறுந்து கிராங்கைக் காப்பாற்ற வேண்டும், அதற்காகத்தான் அது மெத்தென்று இருக்கிறது. ஃப்ளைவீலை எடுக்க அதற்கான புல்லரைப் பயன்படுத்துங்கள். வார்ப்பு ஃப்ளைவீலின் விளிம்பைச் சுத்தியலால் அடிப்பதும், திருப்புளியை விட்டு நெம்புவதும் உடைத்துக்கொள்வதற்கு வழி. காந்தம் இறங்கிவிட்டதா என்று சந்தேகம் வந்தால், ஃப்ளைவீலை மரப்பலகையில் கவிழ்த்துவைத்து, திருப்புளியைக் கைப்பிடி நுனியில் லேசாகத் தொங்கவிட்டுக் காந்தத்திலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். அதை இழுத்தால் காந்தம் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கசிவு ரிங் பக்கமே என்று தெரிந்தால் பிரிக்கலாம். பிரிப்பதற்கு முன் ஒரு வேலை: மாடல் எண்ணையும் டைப் எண்ணையும் எழுதிக்கொண்டு, அந்த இன்ஜினுக்கு ஸ்டாண்டர்ட், ஓவர்சைஸ் (கடைந்த சிலிண்டருக்கேற்பச் சற்றுப் பெரிய) பிஸ்டன், ரிங், கேஸ்கட் செட் எல்லாம் எங்காவது கிடைக்கின்றனவா என்று தேடுங்கள். பிரிக்ஸ் ஐந்து, ஆறு இலக்க மாடல் எண்களில் முதல் ஓரிரு இலக்கம் இன்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும்; 80 ஆயிரத்தில் தொடங்கும் எண் என்றால் 8 கன அங்குலம், சுமார் 131 சிசி. எண் பெயர்த்தகட்டிலோ, ஃப்ளைவீலை மூடியிருக்கும் தகரக் கவசத்திலோ அச்சாகியிருக்கும். கவசம் வேறு இன்ஜினிலிருந்து வந்திருக்கவும் கூடும், எனவே பாகங்களோடு ஒப்பிட்டே நம்புங்கள். உங்கள் திட்டத்தை உங்கள் திறமையைவிட இந்தத் தேடல்தான் அதிகம் தீர்மானிக்கும். பிஸ்டனே கிடைக்காத இன்ஜினைக் கடைந்து பயனில்லை.

சிலிண்டர் வார்ப்பிரும்பு என்று சொன்னீர்கள். அதையும் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிக்ஸ் நிறுவனம் 1953இல் அலுமினிய இன்ஜினைக் கொண்டுவந்தது. அதில் பல மாடல்களில் சிலிண்டர் சுவரே வெறும் அலுமினியம்தான், பிஸ்டனுக்குக் குரோமிய முலாம் பூசியிருப்பார்கள். வார்ப்பிரும்புக்குச் சொல்லும் ரிங்கும் ஹோனிங் (கல்லால் உள்சுவரைத் தேய்ப்பது) முறையும் அதற்குப் பொருந்தாது. முதல் தடவை பிரிக்கிறவருக்கு வார்ப்பிரும்பு இன்ஜின் நல்ல துணை. எடை அதிகம், ஆனால் மரை எளிதில் அறுந்துபோகாது, கடையவும் இடம் இருக்கும்.

பிரிக்கும்போது அவசரம்தான் எதிரி. ஒவ்வொரு அடுக்குக்கும் படம் எடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பதை இரண்டு கோணத்தில் எடுங்கள், அதில்தான் பிறகு எல்லோரும் திணறுவார்கள். ஹெட் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். ஒரு அட்டையில் ஹெட்டின் வடிவை வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடியாகக் கடைந்தவை, அடையாளக் குறி பார்த்து அதே பக்கமாகத்தான் திரும்பச் சேர வேண்டும். கேமின் அசைவால் வால்வைத் தூக்கும் டாப்பெட்டுகள் எந்த வால்வுக்கு உரியவையோ அதற்கே போக வேண்டும். அமெரிக்க இன்ஜினில் அமெரிக்க மரை இருக்கும், பழைய ஆங்கில இன்ஜினில் விட்வொர்த் வகை மரை. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60. கால் அங்குலத்திலும் பெரும்பாலான சின்ன அளவுகளிலும் ஒரு அங்குலத்துக்கான மரை எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே என்பதால், தவறான போல்ட்டும் ஓரளவு ஏறிவிடும், ஏறிய பிறகுதான் பிடிப்பு போதாமல் கெடுக்கும். டப்பாவில் கிடக்கும் போல்ட்டைப் போட்டுச் சமாளிக்காமல் அதனதன் போல்ட்டையே வைத்திருங்கள்.

மேலே சிலிண்டர் வாயில், பிஸ்டன் ரிங் எட்டாத இடத்தில் ஒரு விளிம்பு நகத்தில் தட்டுப்படலாம். தேயாமல் நின்ற பகுதி அது. கரியைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள், பெரிய விளிம்பாக இருந்தால் பிஸ்டனை அடித்துத் தள்ளாதீர்கள், பள்ளத்தின் சுவர் உடையும். ஜாம் ஆன பிஸ்டனுக்கும் இதே விதி: ஊடுருவும் ஆயிலை விட்டு நாள்கணக்கில் ஊறவைத்து, ஃப்ளைவீலை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும். நீளக் குழாயை மாட்டித் திருகினால் கிராங்கின் முனையோ கனெக்டிங் ராடோ வளையும்.

சுத்தம் செய்யும்போது இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். அந்தக் காலக் கேஸ்கட்டுகளில், முக்கியமாக ஹெட்டிலும் எக்ஸாஸ்ட்டிலும், ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோல் 1923இல் விற்பனைக்கு வந்து பல பத்தாண்டுகள் ஓடியது, உலகின் கடைசி நாட்டில் 2021இல்தான் நின்றது. உங்கள் இன்ஜினின் கரியில் அந்த ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் உலர்வாகக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. நனைத்து, மெதுவாக, முகமூடியும் கையுறையும் போட்டுச் சுரண்டுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டித் தனியே போடுங்கள். காஸ்டிக் சோடாவில் அலுமினியப் பாகமோ கார்பரேட்டரோ விழுந்தால் கரைந்துபோகும். உள்பாகங்களை மணல் அடித்துச் சுத்தம் செய்ய யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆயில் வழிகளிலும் மூலைகளிலும் ஒளிந்த ஒரு பிடி மணல், புது ரிங்கையும் பேரிங்கையும் முதல் மணிநேரத்திலேயே தின்றுவிடும்.

இப்போது அளப்பது. இதைத்தான் நான் முழு வேலையிலும் முக்கியமானதாக நினைக்கிறேன், பலர் தாண்டிப் போவதும் இதையே. சிலிண்டர் சமமாகத் தேயாது. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. அங்கே ஆயில் படலம் மெலிகிறது, எரியும் வாயுவின் அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருக்கின்றன. அதனால் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். பக்கவாட்டிலும், கிராங்குக்குக் குறுக்கான திசையில் கனெக்டிங் ராட் பிஸ்டனைச் சுவரோடு தள்ளுவதால் அங்கே கூடுதலாகத் தேயும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்குக்கு இணையாகவும் குறுக்காகவும், மொத்தம் 6 அளவு எடுக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் வட்டம் கெட்ட அளவு. பழைய பிரிக்ஸ் இன்ஜின்களுக்கான வரையறை இதுதான்: ஸ்டாண்டர்டைவிட 0.003 அங்குலம், அதாவது சுமார் 0.075 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகியிருந்தாலோ, வார்ப்பிரும்பில் வட்டம் 0.0015 அங்குலம், அதாவது சுமார் 0.04 மில்லிமீட்டருக்கு மேல் கெட்டிருந்தாலோ, ஓவர்சைஸுக்குக் கடைய வேண்டும்.

இந்த அளவுகளைப் பார்த்தாலே வெர்னியர் ஏன் போதாது என்று புரியும். அதன் பிழையே இந்த வரையறை அளவுக்கு வந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டரும், அதோடு சேர்த்துப் பார்க்க டெலஸ்கோப்பிக் கேஜோ போர் கேஜோ வேண்டும். வாங்க வேண்டாம் என்றால் இந்த 6 அளவை மட்டும் லேத் பட்டறையில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல பட்டறை மறுக்காது. கருவி உங்களிடம் இருந்தால், ஒவ்வொரு இடத்தையும் மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்துவரும்வரை அந்த எண்ணை நம்பாதீர்கள். கை பழக ஒரு மாலைப்பொழுது போதும். கிராங்க் பின்னையும் (கனெக்டிங் ராட் மாட்டும் இடம்) இரண்டு திசையில், இரண்டு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். இந்த வகை இன்ஜின்களில் அலுமினியக் கனெக்டிங் ராட் தனிப் பேரிங் இல்லாமல் நேராகக் கிராங்கின் மேல் ஓடுகிறது. பின்னில் கீறலோ, அலுமினியம் அப்பியதோ, வட்டம் கெட்டதோ இருந்தால் புது ராட் போட்டும் பயன் இல்லை. ரிங்கின் வாய் இடைவெளிக்கு, ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டனால் தள்ளி நேராக்கி ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்புச் சிலிண்டரில் புது ரிங்குக்கு 0.25 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

அளவுகள் கையில் வந்ததும் முடிவு பெரும்பாலும் தானாக விழும். எல்லாம் வரையறைக்குள் என்றால் புது ரிங், வால்வ் வேலை, கேஸ்கட், சீல். பட்டறைக்கே போக வேண்டாம். சிலிண்டர் தாண்டியிருந்தால் அது மட்டும் போரிங்குக்குப் போகிறது. கிராங்க் கெட்டிருந்தால் கிரைண்டிங்குக்குப் போகிறது, அதற்கேற்ற அண்டர்சைஸ் (துளை சற்றுச் சிறிய) ராட் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. வால்வ் சீட் (வால்வ் உட்காரும் வளையம்) தளர்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ புதுச் சீட் பதிக்கவும், மெயின் பேரிங்கில் புஷ் போட்டு நேர்கோட்டில் கடையவும் வெளியேதான் போக வேண்டும். வார்ப்பிரும்பு விரிசலுக்கு வெல்டிங் என்பது தனித்தொழில். அதில் எனக்கே பழக்கம் இல்லை, செய்கிறவர்களிடம் அனுப்பிவிடுவேன். கையில் ஹோனிங் கல்லைப் பிடித்து ட்ரில்லில் மாட்டித் தேய்த்தால் டேப்பர் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கல் இருக்கிற வடிவத்தின் மேலேயே ஓடும், மேல் பக்கம் அகன்ற துளை அகன்றபடியே பளபளப்பு மட்டும் மாறி நிற்கும்.

கடைய அனுப்பும்போது ஒரே ஒரு ஒழுங்கை விடாமல் பிடியுங்கள்: புதுப் பிஸ்டன் கையில் வந்த பிறகே சிலிண்டரைக் கொடுக்க வேண்டும். ஓவர்சைஸ்கள் வழக்கமாக 0.010, 0.020, 0.030 அங்குலம். சில நிறுவனங்கள் பிஸ்டனுக்கும் சுவருக்கும் வேண்டிய இடைவெளியைப் பிஸ்டனிலேயே கழித்துச் செய்திருப்பதால் சிலிண்டரைச் சரியாக அந்த அளவு கூட்டிக் கடைந்தால் போதும். வேறு சிலவற்றில் அப்படி இல்லை. பிஸ்டனை அளந்து, வேண்டிய இடைவெளியைச் சேர்த்துக் கடைவதே எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேண்டிய இடைவெளியையும், முடிவில் குறுக்குக் கீறல் ஹோனிங் வேண்டும் என்பதையும் தாளில் எழுதிச் சிலிண்டரோடு கட்டிக் கொடுங்கள். பட்டறைக்காரரிடம் "முடிந்ததும் எங்கெங்கே அளப்பீர்கள்" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம். சின்ன வேலைதானே என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள். திரும்பி வந்ததும் சிலிண்டரைப் பெட்ரோலில் அலசி நிறுத்திவிடாதீர்கள். கல்லின் தூள் கீறல்களுக்குள் தங்கிவிடும். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உலர்ந்த உடனே ஆயில் பூசுங்கள். இந்தக் கழுவலைப் பட்டறை செய்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

"வீண் செலவு" என்ற பட்டறையைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர்கள் கணக்கில் அது உண்மை. பழைய இன்ஜினில் துருப்பிடித்த போல்ட்டோடு போராடும் நேரம், பாகம் தேடும் நேரம் எல்லாவற்றுக்கும் கூலி போட்டால் புது இன்ஜின் விலையைத் தாண்டிவிடும். குறைத்து வாங்கினால் அவர்களுக்கு நஷ்டம், வேலையும் அரைகுறையாகும். நீங்கள் உங்கள் நேரத்துக்குக் கூலி போடப்போவதில்லை, அதனால்தான் இந்த வேலை உங்கள் கையில் சாத்தியமாகிறது. முழுதாக விட்டுப் போகச் சொன்ன பட்டறையிடம் எனக்குத் தயக்கம் உண்டு. அளந்து பார்ப்பதற்கு முன்பே முழு ஓவர்ஹால் என்று சொன்னால், தேவையில்லாத சிலிண்டரையும் கடைவார்கள். ஒவ்வொரு தடவை கடையும்போதும் அந்த வார்ப்பில் மிச்சமிருக்கும் ஆயுளில் ஒரு பங்கு போகிறது. எண்களைக் காட்டிவிட்டுக் கடைவோம் என்றும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவோம் என்றும் சொல்லும் பட்டறையாக இருந்தால் தாராளமாக முழுதும் கொடுக்கலாம். சில நேரம் கொடுப்பதே சரி: இன்ஜின் உடனே வேலைக்கு வேண்டும் என்றால், அது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினாக, அழுத்திக் கோத்த கிராங்கோடு இருந்தால், ஏனென்றால் அதைப் பிரித்து நேராக்கப் பிரஸ்ஸும் டயல் கேஜும் வேண்டும், அல்லது அரிய இன்ஜின், அதன் ஒரு பாகம் உடைந்தால் உலகில் வேறு கிடைக்காது என்றால். உங்களுடையது இந்த மூன்றிலும் சேராது என்றுதான் நீங்கள் சொன்னதிலிருந்து படுகிறது.

திரும்பக் கட்டுவதில் முதலில் வால்வ். தேய்க்கும் பேஸ்ட்டை மெல்லத் தடவி, வால்வைத் தூக்கித் தூக்கி இரு பக்கமும் உருட்டினால் சீட்டில் அறாத சாம்பல் நிற வளையம் ஒன்று தோன்றும். சுமார் 1 மில்லிமீட்டர் அகலம் போதும். வளையம் எங்காவது அறுந்தால் தொடருங்கள், பள்ளமாக எரிந்திருந்தால் இந்தத் தேய்ப்பு, அதாவது லேப்பிங், போதாது, சீட்டைக் கட்டர் போட்டு எடுக்க வேண்டும். வால்வின் விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால் புதுசு போடுங்கள். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சைடு வால்வ் இன்ஜின்களில் டாப்பெட்டுக்கு அட்ஜஸ்ட் திருகு கிடையாது. லேப்பிங்கால் வால்வ் கீழிறங்கி இடைவெளி குறையும், தண்டின் முனையைச் சமமாக, துளித்துளியாகத் தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்கு இன்டேக்கைவிட இடைவெளி அதிகம். எண்ணை உங்கள் மாடலின் புத்தகத்திலிருந்தே எடுங்கள், மாடலுக்கு மாடல் மாறுகிறது. அதிகம் தேய்த்துவிட்டால் திருப்பிச் சேர்க்க முடியாது, எனவே ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு அளவு.

ராடைப் பூட்டும்போது ஆயிலை அள்ளித் தெளிக்கும் கரண்டி சரியான பக்கம் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலும் பம்ப் இல்லை, அந்தக் கரண்டிதான் மொத்த மசகும். கிராங்கும் கேமும் டைமிங் குறியில் சேர வேண்டும். டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) எண்களைப் படிக்கும்போது கவனம்: பழைய புத்தகங்களில் இவை அங்குல-பவுண்டில் இருக்கும். சின்ன அலுமினியப் பிரிக்ஸ் ஹெட் போல்ட்டுக்கு 140 அங்குல-பவுண்டு என்றால் சுமார் 16 நியூட்டன்-மீட்டர்தான். அதையே அடி-பவுண்டு என்று நினைத்தால் 12 மடங்கு ஆகிவிடும், அதற்கு வெகு முன்பே போல்ட் முறிந்துவிடும். ஹெட்டை ஒரே சுற்றில் இறுக்காமல், குறுக்கு வரிசையில் மூன்று சுற்றாக ஏற்றுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்பவை தொழிலில் இருப்பவர்களிடையே ஒத்த கருத்து இல்லாதவை. கடையாமல் ரிங் மட்டும் மாற்றும்போது சிலிண்டரின் பளபளப்பை லேசாகக் கீறிவிட வேண்டுமா? கீறினால் ரிங் சீக்கிரம் உட்காரும் என்பது ஒரு பக்கம், வீணாக உலோகத்தை எடுப்பது, தூள் சேர்வது என்பது மறுபக்கம். வார்ப்பிரும்பில் மிக லேசாகக் கீறி, மேலே சொன்னபடி கழுவுவது என் வழக்கம். கழுவ வசதி இல்லையென்றால் கீறாமல் விடுங்கள். ஆயில் விஷயத்தில், பழைய இன்ஜினுக்குப் பழைய வகை, டிட்டர்ஜென்ட் இல்லாத ஆயில்தான் வேண்டும் என்பார்கள். உள்ளே கசடு படிந்த, பிரிக்காத இன்ஜினுக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீங்கள் முழுதாகச் சுத்தம் செய்துவிட்டதால் சாதாரண எஸ்ஏஇ 30 போட்டு, அடிக்கடி மாற்றினால் நல்லது. ஃபில்டர் இல்லாத இன்ஜினில் மாற்றுவதுதான் ஃபில்டர். ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வ் சீட்டைத் தின்னுமா என்பது ஓடும் சுமையையும் வேகத்தையும் பொறுத்தது. எப்போதாவது லேசாக ஓடும் சின்ன இன்ஜினில் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் மட்டும் நிச்சயமான தொல்லை: பழைய ரப்பரை ஊதவைக்கும், தண்ணீரை இழுக்கும், கார்க் மிதவையின் அரக்குப் பூச்சைக் கரைக்கும். ஓடி முடிந்ததும் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட் வெளியில், திறந்தவெளியில் இருக்கட்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிளக் வயரைத் தொடாமல் நிறுத்தும் வழி ஒன்று வேலை செய்கிறதா என்று முன்பே பாருங்கள். கொஞ்ச நேரம் புகைக்கும், அது கட்டும்போது தடவிய ஆயில். நீண்ட நேரம் சும்மா ஐடிலில் விடாமல், மிதமான சுமையில் ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் நன்றாக உட்காரும். முதல் ஆயிலைச் சில மணி நேரத்திலேயே வடித்து, துணியில் ஊற்றி மின்னும் துகள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்பிஎம் மீட்டர் இல்லாமல் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றவோ இழுக்கவோ வேண்டாம். இந்த அளவு இன்ஜின்கள் பொதுவாக நிமிடத்துக்கு 3600 சுற்றுக்குள் கட்டுப்படுத்தப்பட்டவை, அதைத் தாண்டினால் அலுமினிய ராட் முறிந்து கேஸைத் துளைக்கும், வார்ப்பு ஃப்ளைவீல் சிதறவும் கூடும்.

பிரித்த பிறகு சிலிண்டரின் 6 அளவு, கிராங்க் பின்னின் அளவு, ரிங் இடைவெளி, மாடல் எண் ஆகியவற்றை இங்கேயே எழுதுங்கள். ரிங் போட்டுக் கட்டலாமா, கடையத்தான் வேண்டுமா என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன். புகையின் நிறத்தை மட்டும் வைத்து இப்போதே சொல்ல முடியாது.